சாட்ஸ்வொர்த் அண்ணனின் ஸ்லைஸ்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் தென்னாப்பிரிக்காவில் டர்பனின் இந்தியர் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்து, அங்கேயே பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வலக்கை ஆட்டக்காரர். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே எழுதுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். கோல்ஃப் சொல்லிக்கொடுப்பது என் தொழில். அவர் கொண்டுவந்த குறை ஒன்றுதான்: டிரைவரை, அதாவது தூர அடிக்கான நீள மட்டையை (கிளப்), எடுத்தால் பந்து இலக்குக்குக் கொஞ்சம் இடப்பக்கமாகக் கிளம்பி, பாதி தூரம் போனதும் வலப்பக்கம் வளைய ஆரம்பித்து, பக்கத்து ஃபேர்வேயிலோ (புல் வெட்டிய ஆட்டத் தடம்) வேலிக்கு வெளியிலோ போய் விழும். இந்த வலப்பக்க வளைவுக்குத்தான் ஸ்லைஸ் என்று பெயர். வேலிக்கு வெளியே போனால் அபராதமாகக் கணக்கில் ஒரு ஷாட் கூடும், அதோடு பழைய இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும். ஒரு சுற்றில் இது சில முறை நடந்தாலே ஸ்கோர் கார்டைப் பார்க்கப் பிடிக்காது.

அண்ணன் கோல்ஃபுக்கு வந்தது தாமதமாகத்தான். அவருடைய இளமைக் காலத்தில் பெரும்பாலான கிளப்களில் இந்தியர் நுழைவதென்றால் அடுத்தவர் பையைச் சுமக்கும் கேடியாகத்தான் (caddie) நுழைய முடியும். அதனால் இளமை முழுக்க வார இறுதி கிளப் கிரிக்கெட். நல்ல மட்டையாளர் என்று கூட விளையாடியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். இந்தக் கிரிக்கெட் விவரத்தை முதல் நாள் காதில் வாங்கியபோது பெரிதாக எண்ணவில்லை. பின்னால்தான் அதன் எடை தெரிந்தது.

என்னிடம் வருவதற்கு முன் அவர் செய்துகொண்ட வைத்தியங்களின் பட்டியல் நீளம். நண்பர்கள் சொன்னது: தலையைத் தூக்காதே. இதைப்போல வீணான அறிவுரை கோல்ஃபில் வேறொன்று இல்லை. எது தவறாகப் போனாலும் தலைமீது பழி போடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. தலையை அசைக்காமல் வைத்துக்கொண்டே அருமையாக ஸ்லைஸ் அடிக்கலாம், அண்ணனே அதற்குச் சாட்சி. அப்புறம் மெதுவாக அடித்துப் பார்த்தார். பந்து குறைந்த தூரம் போய் அதே பக்கம் விழுந்தது. அப்புறம் புது டிரைவர். குதிகால் பக்கம், அதாவது தண்டு சேரும் பக்கம், எடை கூட்டிச் செய்த டிரைவர் அது. பந்தில் படும் முகம் இடப்பக்கம் திரும்பி மூடிக்கொள்ள அந்த எடை கொஞ்சம் உதவும் என்பது உண்மைதான். ஆனால் அவருக்கு இருந்த வளைவில் அந்த உதவி தெரியவே இல்லை, ராண்ட் மட்டும் ஆயிரக்கணக்கில் போனது.

இதற்கிடையில் ஒரு பயிற்சியாளர் அவரைப் பார்த்துவிட்டு, 'நீங்கள் வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிறீர்கள், உள்ளிருந்து வெளியே வீசுங்கள்' என்று சொல்லியிருக்கிறார். அதாவது கிளப் உடம்புக்குத் தள்ளிய பக்கத்திலிருந்து பந்தைக் கடந்து உடம்பின் பக்கமாக இழுபடுகிறது. கண்டுபிடித்தது சரிதான். ஆனால் அப்படி வீசினால் பந்து கிளம்பும்போதே வலப்பக்கம் போய், அங்கேயே இருந்துவிட்டது. இரண்டு வாரத்தில் அண்ணன் அதைக் கைவிட்டுப் பழைய வெட்டுக்கே திரும்பினார். கைவிட்டது நியாயம் என்றுதான் நான் சொல்வேன். ஏன் என்று கீழே வருகிறது.

இதில் ஒரு புதிரும் இருந்தது. அவர் மகன் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறார். அங்கே போகும்போதெல்லாம் அண்ணன் விளையாடுவார், அங்கே ஸ்லைஸ் பாதியாகக் குறைந்துவிடும். "அங்க போனா நான் வேற ஆளு தம்பி, மனசு லேசா இருக்கும்போல" என்றார். மனசுக்கு இதில் பங்கில்லை. ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று அடர்த்தி குறைவு. சுழலும் பந்தை ஒரு பக்கம் தள்ளுவது காற்றுதான். காற்று மெலிந்தால் தள்ளும் விசையும் மெலியும். அதனால்தான் அங்கே பந்து அதிக தூரமும் போகிறது, குறைவாகவும் வளைகிறது. ஊர் திரும்பி, கடல் மட்டத்துக் கனத்த காற்றில் அதே அடியை அடித்தால் முழு வளைவும் வந்துவிடும். அண்ணன் இரண்டு ஊரிலும் ஒரே அடியைத்தான் அடித்துக்கொண்டிருந்தார். இது எனக்கு நல்ல செய்தி. குறை நிலையானது, நாளுக்கு நாள் மாறுவதல்ல என்று தெரிந்தது. நிலையான குறையைத் திருத்துவது எளிது.

பரிசோதனை

முதலில் கையுறையைக் கேட்டு வாங்கினேன். இடது உள்ளங்கையின் அடிப்பகுதியில், மணிக்கட்டை ஒட்டிய மேட்டில், தோல் தேய்ந்து ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை. விரல்கள் பக்கம் கையுறை புதுசுபோல இருந்தது. பைக்குள் இன்னும் இரண்டு பழைய கையுறைகள் கிடந்தன, இரண்டிலும் அதே இடத்தில் அதே ஓட்டை. கைப்பிடி விரல்களில் உட்காராமல் உள்ளங்கையில் குறுக்காகக் கிடக்கிறது, ஒவ்வொரு அடியிலும் அங்கே உரசுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

அடுத்தது டிரைவர் முகத்தில் பாதத்துக்கு அடிக்கும் வெள்ளைப் பவுடர் ஸ்ப்ரே. மருந்துக்கடையில் கிடைக்கும், பந்து பட்ட இடத்தில் வட்டமாகத் தடம் விழும். நடுவில் ஒன்றிரண்டு, மற்றதெல்லாம் குதிகால் பக்கம். இது முக்கியம். டிரைவரின் குதிகால் பக்கம் பந்து பட்டால் கிளப்பின் தலை சற்றே திரும்பும், பந்து அதற்கு எதிர்ப்பக்கம் சுழலும், வலக்கை ஆட்டக்காரருக்கு அது ஸ்லைஸ் சுழற்சி. ஆக முகமும் பாதையும் செய்யும் கெடுதலுக்கு மேல் இதுவும் சேர்கிறது.

மூன்றாவது, ஏழாம் நம்பர் அயர்ன் என்ற இரும்புத் தலைக் கிளப்பால் புல்லில் அடிக்கச் சொன்னேன். கிகுயு புல்லில் பெயர்ந்த துண்டின் பள்ளம் எல்லாமே இலக்குக்கு இடப்பக்கம் பார்த்தது. கடைசியாகப் போன். அவருக்குப் பின்னால், கை உயரத்தில், கைக்கும் இலக்குக்கும் நேர்கோட்டில் வைத்து எடுத்தேன். இதில் ஓரடி தள்ளி வைத்தாலும் படம் பொய் சொல்லும், நல்ல ஸ்விங்கைக்கூட வெட்டு மாதிரி காட்டும். படத்தில் தெரிந்தது: பாதமும் இடுப்பும் தோளும் இடப்பக்கம் திரும்பி நிற்கின்றன, மேலிருந்து இறங்கும்போது வலத் தோள் முதலில் பாய்கிறது, கிளப் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. பந்தைக் கடந்ததும் இடது முழங்கை மடங்கி உயர்ந்து நிற்கிறது.

அந்த முழங்கையைப் பார்த்ததும்தான் கிரிக்கெட் நினைவுக்கு வந்தது. நேர் டிரைவ் ஆடும் மட்டையாளர் மேல் கை முழங்கையை உயர்த்தி, மட்டையின் முழு முகத்தையும் பந்துக்குக் காட்டியபடியே தள்ளுவார். முன்கையைப் புரட்டினால் பந்து காற்றில் எழும், கேட்ச் போகும் என்று சிறுவயதிலிருந்து அடித்துச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கோல்ஃபில் அதே முன்கை புரள வேண்டும். புரளாவிட்டால் கிளப்பின் முகம் திறந்தபடியே, அதாவது வலப்பக்கம் பார்த்தபடியே, பந்துக்கு வந்து சேரும். முகமும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்தில் யாரும் எதையும் திருத்த முடியாது. முகம் எப்படி வருகிறது என்பது பிடியிலும் மணிக்கட்டிலும் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது.

காரணம் எது, விளைவு எது

பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முகம் தீர்மானிக்கிறது, அதிலும் டிரைவரில் முகத்தின் பங்கு மிக அதிகம். வளைவைத் தீர்மானிப்பது முகத்துக்கும் கிளப் போகும் பாதைக்கும் உள்ள வித்தியாசம். முகம் பாதைக்கு வலப்பக்கம் பார்த்தால் பந்து வலப்பக்கம் வளையும். உதாரணத்துக்கு, பாதை இலக்குக்கு எட்டு டிகிரி இடப்பக்கம், முகம் இரண்டு டிகிரி இடப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் இலக்குக்கு மூடியிருக்கிறது, ஆனாலும் பாதைக்கு ஆறு டிகிரி திறந்திருக்கிறது. பந்து லேசாக இடப்பக்கம் கிளம்பி, நன்றாக வலப்பக்கம் வளையும். அண்ணனுடைய அடி அப்படியே இதுதான். கிட்டத்து அடிக்கான வெட்ஜ் கிளப்பில் இவ்வளவு தெரியாது, ஏனென்றால் அதில் முகச் சாய்வு அதிகம், பின்சுழற்சி பக்கச் சுழற்சியை அமுக்கிவிடும். டிரைவரின் சாய்வு பத்து டிகிரிக்குப் பக்கத்தில்தான், அது எந்தக் குறையையும் மறைக்காது.

இப்போது, இரண்டில் எது முதலில் வந்தது? பார்த்தவர்கள் எல்லோரும் வெளியிலிருந்து உள்ளே வரும் வெட்டைத்தான் நோய் என்று சொன்னார்கள். எனக்குத் தலைகீழாகப் பட்டது. அண்ணன் விளையாடத் தொடங்கியபோது நேராகத்தான் நின்றிருப்பார். கிரிக்கெட் பிடியால் முகம் திறந்து வந்து பந்து வலப்பக்கம் போயிருக்கும். வலப்பக்கம் போகிற பந்தை யார்தான் சும்மா விடுவார்கள்? உடம்பு தானாகவே இடப்பக்கம் திரும்பி நின்று, இடப்பக்கம் இழுக்கக் கற்றுக்கொண்டது. பாதை இடப்பக்கம் போகப் போக, முகத்துக்கும் பாதைக்குமான வித்தியாசம் கூடி வளைவும் கூடியது. வளைவு கூடியதும் இன்னும் இடப்பக்கம். பல வருடம் இப்படி.

ஆகவே வெட்டு என்பது திறந்த முகத்துக்கு அவர் உடம்பே கண்டுபிடித்த பரிகாரம். அந்தப் பயிற்சியாளர் பரிகாரத்தைப் பிடுங்கினார், முகத்தை அப்படியே விட்டுவிட்டார். பந்து நேராக வலப்பக்கம் போனதில் ஆச்சரியமில்லை, அண்ணன் அதைக் கைவிட்டதிலும் ஆச்சரியமில்லை. முகத்தை முதலில் மாற்றினால் பந்து இடப்பக்கம் போகத் தொடங்கும், இடப்பக்கம் வீச உடம்புக்குக் காரணமே இருக்காது, அப்போது பாதையைத் திருத்தலாம் என்பது என் கணக்கு.

பிடி

பிடியை மாற்ற வேண்டும் என்றதும் அண்ணன் பிடிவாதமானார். "பாப்வா கைய மாத்திப் பிடிச்சே கேரி பிளேயரைத் தோக்கடிச்சாரு. என் பிடியில மட்டும் என்ன தம்பி குத்தம்?"

டர்பனில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. கேடியாக இருந்து ஆட்டக்காரரான பாப்வா சேவ்கோலம், வலக்கை ஆட்டக்காரராக இருந்தும் இடக்கையைக் கீழே வைத்துத்தான் பிடிப்பார். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பிடி. அதை வைத்து 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சு ஓப்பனை வென்றார். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனை வென்றபோது, இந்தியர் என்பதால் கிளப் கட்டடத்துக்குள் விடாமல் மழையில் வெளியே வைத்துத்தான் கோப்பையைக் கொடுத்தார்கள். 1965இல் நாட்டின் பெரிய வெள்ளை ஆட்டக்காரரான கேரி பிளேயரையே முந்தி மறுபடி அதே கோப்பையை வாங்கினார். அதற்குப் பிறகு வெள்ளையர் ஆடும் போட்டிகளின் கதவையே அவருக்கு மூடினார்கள். உம்கேனி ஆற்றங்கரையில் இன்று அவர் பெயரில் ஒரு நகராட்சி மைதானம் இருக்கிறது. அண்ணனின் தலைமுறைக்குப் பாப்வா வெறும் ஆட்டக்காரர் அல்ல, அவர் பெயரை எடுத்தாலே குரல் மாறும்.

"அண்ணா, அவர் பிடி எப்படி இருந்தாலும் பந்துல படுற நேரத்துல முகம் நேரா வந்துச்சு. உங்க பிடியில முகம் நேரா வந்தா நானும் கைய வைக்க மாட்டேன்" என்றேன். கையுறையின் ஓட்டையையும் பவுடர் தடத்தையும் மறுபடி காட்டினேன். ஆசிரியர் அல்லவா, ஆதாரத்துக்குக் கட்டுப்பட்டார்.

செய்தது இது. இடக்கையில் கைப்பிடி சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆட்காட்டி விரலின் நடுக் கணு வரை சாய்வாக ஓட வேண்டும், உள்ளங்கை மேடு அதன்மேல் மூடி போல உட்கார வேண்டும். கையைச் சற்று வலப்பக்கம் திருப்பி வைத்தோம். முன்பு குனிந்து பார்த்தால் இடக்கை முட்டிகளில் ஒன்றுதான் தெரியும், இப்போது இரண்டு நன்றாகத் தெரிந்து மூன்றாவது எட்டிப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் தண்டின் நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம். வலக்கையும் அதோடு ஒட்டி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே விழும் கோடு வலத் தோளைப் பார்க்க வேண்டும். அப்புறம் இறுக்கம். இறுக்கிப் பிடித்தால் முன்கை புரளாது. அண்ணன் கிளப்பை நெரித்துக்கொண்டிருந்தார், முழங்கை வரை நரம்பு தெரியும்.

"வேற யாரோ கையக் கடன் வாங்கின மாதிரி இருக்கு" என்றார். அப்படித்தான் இருக்கும். அதனால் மைதானத்துக்கு வரச் சொல்லாமல், வீட்டில் டிவி பார்க்கும்போது கிளப்பை எடுத்துப் பிடிப்பதும் விடுவதுமாக இருக்கச் சொல்லி அனுப்பினேன். பந்து இருந்தால் கை பழைய இடத்துக்கு ஓடிவிடும்.

திரும்பி வந்து அடித்தபோது நடந்ததுதான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். பந்து அம்புபோல இடப்பக்கம் போனது. வளைவே இல்லை, ஆனால் இலக்குக்கு வெகு இடப்பக்கம். அண்ணன் முகம் வாடிவிட்டது. நான் சந்தோஷப்பட்டேன். முகம் பாதையோடு ஒத்துப்போய்விட்டது, பாதை எங்கே போகிறது என்பதைப் பந்தே கோடு போட்டுக் காட்டுகிறது. இந்த இடத்தில்தான் பலர் புதுப் பிடியை விட்டுவிடுகிறார்கள். இருந்த குறையோடு புதுக் குறையும் வந்துவிட்டது என்று பயந்துவிடுகிறார்கள். இடப்பக்கம் நேராகப் போகும் பந்து வந்தால் பிடியைத் தொடாதீர்கள் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்.

பாதை

இதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. தரையில் இரண்டு கம்புகளை வைத்து பாதமும் தோளும் இலக்குக்கு இணையாக நிற்கவைத்தோம். அண்ணனுக்கு அது வலப்பக்கம் கடலைப் பார்த்து நிற்பது போலத் தோன்றியது. அவ்வளவு காலம் இடப்பக்கம் திரும்பியே நின்றிருக்கிறார். பந்து இடது குதிகாலுக்கு வெளியே இருந்தது, உள்பக்கத்துக்கு நேராகக் கொண்டுவந்தோம். பந்து ரொம்ப முன்னால் இருந்தால் அதை எட்டுவதற்கே தோள் திறந்துகொள்ளும்.

அப்புறம் ஐஸ்கிரீம் டப்பா. இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் சோறும் பருப்பும் போட்டு வைக்கும் அந்த இரண்டு லிட்டர் காலி டப்பாதான். பந்துக்கு வெளிப்பக்கம், சற்றுப் பின்னால் தள்ளி வைத்தேன். வெளியிலிருந்து வந்தால் டப்பா பறக்கும். முதலில் ஏழாம் நம்பர் அயர்னில் இடுப்பு உயரம் வரை மட்டும் அரை ஸ்விங், டப்பா நின்றால்தான் முக்கால், அதுவும் நின்றால் முழுசு. டிரைவரைக் கடைசியில்தான் கொடுத்தேன். டப்பாக்கள் நிறைய உடைந்தன, அண்ணி ஒரு முறை போனிலேயே விசாரித்தார்.

உடம்பையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. இந்த வயதில் முதுகு முழுதாகத் திரும்பாது. திரும்பாதவர் கையையும் தோளையும் வைத்துத்தான் வேகம் தேடுவார், வலத் தோள் பாய்வதற்கு அதுவும் ஒரு காரணம். வலப் பாதத்தைப் பாதி அடி பின்னுக்கு இழுத்து, விரல்களைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி, கிளப்பைப் பின்னால் தூக்கும் பேக்ஸ்விங்கில் இடது குதிகால் தரையை விட்டு எழ அனுமதித்தேன். குதிகால் எழக்கூடாது என்று பலர் சொல்வார்கள். இருபது வயதுக்காரருக்கு அது சரி. அண்ணனுக்குக் குதிகால் எழுந்ததும் தோள் இன்னும் கொஞ்சம் திரும்பியது, இறங்கும்போது அந்தக் குதிகாலைத் தரையில் வைப்பதே முதல் அசைவாகவும் ஆகிவிட்டது. தோள் பாய்ச்சல் பாதி அதிலேயே அடங்கியது. டிரைவர் முகத்தின் பவுடர் தடமும் அதன் குதிகால் பக்கத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்தது.

மைதானத்தில்

பயிற்சி இடத்தில் வந்தது மைதானத்தில் உடனே வரவில்லை. வலப்பக்கம் வேலி உள்ள ஹோலில், வடகிழக்குக் காற்று முகத்தில் அடித்த ஒரு நாள், அண்ணன் பழையபடி இடப்பக்கம் திரும்பி நின்றார், அவருக்கே தெரியவில்லை. எதிர்க்காற்று எந்த வளைவையும் பெரிதாக்கும். பந்து வேலிக்கு வெளியே போனது. அதற்குப் பின் ஒரு வழக்கம் வைத்தோம்: பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பார்த்து, பந்துக்கு ஓரடி முன்னால் ஒரு காய்ந்த புல்லையோ பந்தை ஏற்றிவைக்கும் டீ ஆணியின் உடைந்த துண்டையோ தேர்ந்துகொண்டு, முகத்தை முதலில் அதற்கு நேராக வைத்து, பிறகுதான் பாதத்தை வைப்பது. தூரத்து வேலியைப் பார்த்து நின்றால் உடம்பு ஏமாற்றும். ஓரடியில் இருக்கும் டீ ஆணி ஏமாற்றாது.

இன்னொரு தொல்லை, டர்பனின் புழுக்கம். கோடையில் பத்தாவது ஹோலுக்குள் கையுறை நனைந்து வழுக்கும், வழுக்கினால் இறுக்குவார், இறுக்கினால் முன்கை பூட்டிக்கொள்ளும், ஸ்லைஸ் எட்டிப் பார்க்கும். பையில் இன்னும் இரண்டு கையுறைகளும் ஒரு துண்டும் வைத்து, மூன்று ஹோலுக்கு ஒரு முறை மாற்றச் சொன்னேன். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் சுற்றின் பின்பாதி ஸ்கோர் மாறியது இதற்குப் பின்தான். அந்தக் குதிகால் எடை டிரைவரை விற்கச் சொல்லவில்லை, அதன் சாய்வை மட்டும் இரண்டு டிகிரி கூட்டி வைத்தோம்.

இப்போதைய நிலை: பந்து ஏறக்குறைய நேராகக் கிளம்பி, முடிவில் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து ஃபேர்வேயில் விழுகிறது. அந்தக் கொஞ்சத்தையும் எடுத்துவிடலாமா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். பிரிட்டிஷ் ஓப்பனை 1949, 1950, 1952, 1957 என நான்கு முறை வென்ற நம் நாட்டு பாபி லாக், வெகு வலப்பக்கம் குறிவைத்து எல்லாப் பந்தையும் இடப்பக்கம் வளைத்தே ஆடினார். ஒரே பக்கம், ஒரே அளவு வளையும் என்று தெரிந்தால் குறிவைப்பது சுலபம்.

ஒன்று மட்டும் பாக்கி. களைத்துப்போன நாளில் கை மட்டும் வேலை செய்து, பந்து தாழ்வாக இடப்பக்கம் சுருண்டு விழுகிறது. ஹூக். அண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாக இடப்பக்கம் பந்தைத் தொலைக்கிறார், அதை நண்பர்களிடம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார். மூன்றாவது முட்டி முழுசாகத் தெரியும் அளவுக்குப் பிடி நகர்ந்திருப்பதுதான் காரணம். இரண்டரைக்குத் திருப்பி வைத்து, அடுத்த மாதம் மறுபடி பவுடர் அடித்துப் பார்ப்பதாக இருக்கிறோம்.